அரண்மனை அண்ணகர்களும் இன்றைய திருநங்கைகளும் ஒரே வழிவந்தவர்களா?

கேள்வி இதுதான்: “முகலாயர் காலத்தில் அந்தப்புரக் காவலர்களாகவும் தளபதிகளாகவும் இருந்த அலிகள்தான் இன்றைய திருநங்கைகளின் முன்னோர் என்கிறார்கள். அவ்வளவு செல்வாக்காக இருந்தவர்கள் எப்படிக் கடைகடையாகப் போய்க் காசு கேட்கும் நிலைக்கு வந்தார்கள்?”

முதலில் ஒரு சின்ன விஷயம். ‘அலி’ என்று நீங்கள் எழுதியதில் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரிகிறது. ஆனால் அந்தச் சொல்லை அவர்கள் வசவாக மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள். விதை நீக்கப்பட்டு வேலைக்கு வைக்கப்பட்ட அரண்மனைக்காரர்களுக்குத் தமிழ் பைபிளில் வரும் ‘அண்ணகர்’ என்பதையும் இன்றைய சமூகத்துக்குத் ‘திருநங்கை’ என்பதையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

இனி பதில். இவர்கள் அவர்களுடைய வாரிசுகள் இல்லை. அண்ணகர் என்பது அடிமை முறையின் விளைவு. திருநங்கை சமூகம் அடிமைச் சந்தையில் உண்டானது அல்ல. இரண்டும் தனித்தனி வரலாறு. அங்கங்கே உரசிக்கொண்டதுண்டு, ஒன்றாக இருந்ததில்லை. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதில் பெரிய பங்கு 1871-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த ஒரு சட்டத்துக்கு உண்டு. “அந்தக் காலத்தில் ராஜ மரியாதை” என்று நாம் பெருமூச்சு விடும்போதும் அதே சாக்கைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

அரண்மனையிலிருந்து தொடங்கலாம். இந்தப் பையன்கள் எங்கிருந்து வந்தார்கள்? முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வங்காளத்தைச் சேர்ந்த சில்ஹெட் பக்கத்தில் பெற்றோர் தம் ஆண் பிள்ளைகளில் சிலரை விதை நீக்கி, நிலவரிக்குப் பதிலாக ஆளுநரிடம் கொடுத்துவிடுவது வழக்கமாம். அங்கிருந்து மற்ற மாகாணங்களுக்கும் இது பரவியது என்கிறார். அதாவது நெல்லுக்கும் பணத்துக்கும் பதிலாகப் பிள்ளை. 1608 வாக்கில் அவர் இதற்குத் தடை போட்டார். அரண்மனைக்கு ஆள் தேவை இருந்தவரை தடையை யார் மதிப்பார்கள்? 1668-ல் ஔரங்கசீப் மறுபடியும் ஒரு தடை போட வேண்டியிருந்தது. தடை போட்ட இருவருடைய அந்தப்புர வாசலிலும் அண்ணகர்களே நின்றார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

அறுவை என்றால் மயக்க மருந்து உள்ள அறுவை இல்லை. இரத்தப்போக்கிலும் சீழிலும் செத்த பிள்ளைகளை யாரும் கணக்கெடுக்கவில்லை. பிழைத்தவனுக்கு விலை ஏறும். அவ்வளவுதான்.

அரசர்களுக்கு இவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்றால், அந்தப்புரத்துக்குக் காவல் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி அரசியல். தளபதிக்கு மகன் இருந்தால் அவனுக்காக ஒரு நாள் சிம்மாசனத்தின் மேல் கண் வைப்பான். மாமனார், மச்சான் என்று ஒரு கூட்டம் பின்னால் நிற்கும். அண்ணகனுக்குப் பிள்ளை இல்லை. பெற்ற வீடு எங்கோ தொலைவில் மறந்துபோயிருக்கும். எஜமானை விட்டால் கதியில்லாதவன் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பது பாதுகாப்பு என்று பல பேரரசுகள் நினைத்தன. கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தில் நார்செஸ் என்ற அண்ணகர் 552-ல் இத்தாலியில் படை நடத்தி ஆஸ்திரகோத்துகளை முறியடித்தார். ஆட்டோமன் அரண்மனையில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட கறுப்பின அண்ணகர்களின் தலைவர் அமைச்சர்களுக்கு இணையான செல்வாக்கோடு இருந்தார். மகாபாரதத்திலும் இந்த வாடை உண்டு. அர்ச்சுனன் பிருகன்னளையாக விராடன் அரண்மனைக்கு வந்து நாட்டியம் கற்றுத்தருகிறேன் என்கிறான். அரசன் பெண்களை விட்டு அவனைச் சோதித்துப் பார்த்த பிறகே மகளிர் பக்கம் அனுப்புகிறான்.

நமக்கு மிகவும் தெரிந்த பெயர் மாலிக் காபூர். 1299-ல் குஜராத் மீது படையெடுத்த அலாவுதீன் கில்ஜியின் ஆட்கள் காம்பே துறைமுகத்தில் பிடித்துக்கொண்டு போன அடிமை. ‘ஆயிரம் தினார்க்காரன்’ என்பது அவருக்குப் பட்டப்பெயர். விலையே பெயராகிவிட்டது. பிறகு தேவகிரி, வாரங்கல், துவாரசமுத்திரம் என்று இறங்கி 1311-ல் மதுரை வரை வந்து சூறையாடிவிட்டுப் போனார். 1316-ல் சுல்தான் இறந்ததும் ஒரு சிறு பிள்ளையை அரியணையில் உட்கார வைத்துத் தானே ஆட்சி நடத்திப் பார்த்தார். ஒரு மாதம் சொச்சம் தாக்குப்பிடித்தார். அரண்மனைக் காவல் வீரர்களே வெட்டிப்போட்டார்கள். இந்த மனிதரைத் திருநங்கைகளின் முன்னோடி என்று சிலர் எழுதும்போது எனக்குப் புரிவதே இல்லை. அவர் ஆணுடையில் வாள் ஏந்தி வாழ்ந்தவர். தன்னைப் பெண்ணாகவோ, ஆணுமல்ல பெண்ணுமல்ல என்றோ உணர்ந்தார் என்பதற்கு ஒரு வரிச் சான்றும் இல்லை.

சீனாவின் செங் ஹோவும் இந்த வகைதான். யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. சுமார் 10 வயதில் மிங் படையிடம் சிக்கி, விதை நீக்கப்பட்டு, இளவரசர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். அந்த இளவரசர் யோங்லே பேரரசர் ஆனதும் இவர் கடற்படைத் தலைவர் ஆனார். 1405-லிருந்து 1433 வரை ஏழு பயணங்கள். அவருக்கும் தமிழுக்கும் ஒரு நேர்த் தொடர்பு உண்டு. 1409 தேதியிட்டு அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது, தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனார் என்ற பெருமாளுக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாமுக்கு. 1911-ல் காலி நகரத்தில் ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கிடந்த அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செங் ஹோ பெரும்புள்ளி. சாதாரண அண்ணகனின் கதையைப் பார்க்க வேண்டுமென்றால் சுன் யாவ்டிங்கைப் பார்க்க வேண்டும். சீனாவின் கடைசி அரண்மனை அண்ணகர். 1996-ல் இறந்தார். ஏழைக் குடும்பம். அரண்மனை வேலை கிடைத்தால் குடும்பம் தலைதூக்கும் என்று பெற்ற தகப்பனே வீட்டில் வைத்துச் சவரக் கத்தியால் அறுத்தார். பையனுக்கு அப்போது எட்டு வயது. புண் ஆறி எழுவதற்குள் செய்தி வருகிறது: பேரரசர் பதவி விலகிவிட்டார். இதை ‘மூன்றாம் பாலினத்துக்கு இருந்த மரியாதை’ என்ற தலைப்பில் எப்படிச் சேர்ப்பது?

செல்வாக்கு இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இருந்தது, சில சமயம் மலைக்க வைக்கும் அளவுக்கு இருந்தது. 18-ஆம் நூற்றாண்டு அவத் நாட்டில் (இன்றைய உத்தரப் பிரதேசத்தின் லக்னோ, ஃபைசாபாத் பகுதி) அல்மாஸ் அலி கான் என்ற அண்ணகர் பெரும்பகுதி நிலத்தின் வரிக் குத்தகையைக் கையில் வைத்திருந்தார். அந்த அரச குடும்பத்துப் பெண்களான ஃபைசாபாத் பேகம்களின் சொத்தை ஜவஹர் அலி கான், பஹார் அலி கான் என்ற இரண்டு அண்ணகர்கள் நிர்வகித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பணம் தேவைப்பட்டது. கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பேகம்களின் கருவூலத்தில் கண் வைத்தார். அரச குடும்பத்துப் பெண்கள் மேல் கை வைக்க முடியாது. ஆகவே 1782 ஜனவரியில் இந்த இருவரையும் பிடித்து, காலில் விலங்கு மாட்டி, சோறு கொடுக்காமல் போட்டு, பணம் கறக்கப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட ஓராண்டு சிறை. பின்னால் ஹேஸ்டிங்ஸ் மீது லண்டனில் நடந்த விசாரணையில் இது பெரிய குற்றச்சாட்டாக எழுந்தது. 1788-ல் தொடங்கிய விசாரணை இழுத்து இழுத்து 1795-ல் அவர் விடுதலை ஆனதில் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பேகமைத் தொட முடியாது, ஆனால் பேகமின் நம்பிக்கைக்குரிய அண்ணகரைச் சித்திரவதை செய்யலாம். எவ்வளவு பணமும் அதிகாரமும் இருந்தாலும் அவர்கள் இன்னொருவருடைய ஆள்தான் என்பது அந்தச் சிறை அறையில் வெளிப்பட்டது. 1856-ல் ஆங்கிலேயர் அவதை விழுங்கியதும் இந்த வேலையும் போயிற்று. வேலை போனதோடு அந்த வர்க்கமும் கரைந்தது. அரண்மனை இல்லையென்றால் அரண்மனை அண்ணகன் எதற்கு?

சரி, திருநங்கைகளின் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அரண்மனைக்கு வெளியே, தெருவில், கோயில் திடலில், கூத்து மேடையில் இருக்கிறது. நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். முகலாயர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே, தொல்காப்பியம் ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’ என்று இவர்களுக்கு இலக்கணம் சொல்கிறது. எங்கே வைத்துச் சொல்கிறது என்பதுதான் முக்கியம்: உயர்திணையில். 13-ஆம் நூற்றாண்டு நன்னூலுக்கு வரும்போது ‘இருமையும் அஃறிணை அன்னவும் ஆகும்’ என்று ஒரு வால் ஒட்டிக்கொள்கிறது. அஃறிணை போலவும் சொல்லலாமாம். இலக்கண ஆசிரியர் ஊர் வழக்கைத்தான் பதிவு செய்திருப்பார். ஆனால் ஊர் அப்படிப் பேசியிருக்கிறது என்பதே தகவல்தானே.

மாதவி ஆடிய பதினோரு ஆடலில் பேடிக் கூத்து ஒன்று. மணிமேகலையில் ஒரு தெருக்காட்சி வருகிறது. சுருண்ட தாடி, கருங்குழல், பவளச் செவ்வாய், காதில் வெண்தோடு என்று பேடிக் கோலத்தில் ஒருவர் ஆட, ஊர் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது. தாடியும் தோடும் ஒரே முகத்தில். அப்புறம் வள்ளுவர் இருக்கிறார். சபைக்கு அஞ்சுகிறவன் கற்ற நூல், போர்க்களத்தில் ‘பேடிகை ஒள்வாள்’ போல என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஆக, ஆடினால் கூட்டம் கூடும், வாளை எடுத்தால் சிரிக்கும். தமிழகத்தில் ஒரு பொற்காலம் இருந்தது என்று நான் வாதாட மாட்டேன். அவர்கள் இருந்தார்கள், எல்லாருக்கும் தெரிந்து இருந்தார்கள், அது மட்டும் உறுதி.

கூவாகமும் அப்படித்தான். உளுந்தூர்ப்பேட்டை அருகில் இருக்கும் அந்த ஊரின் கூத்தாண்டவர் திருவிழா அடிப்படையில் ஒரு கிராமத் திருவிழா. களப்பலிக்கு ஒப்புக்கொடுத்த அரவானை ஒரு இரவுக்கு மணந்த மோகினியாகத் தங்களைப் பாவித்து, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் பந்தலடிக்குப் போனதும் அழுகளம். வளையல் உடைத்து, தாலி அறுத்து, வெள்ளைச் சேலை. செய்திகளில் வராத ஒன்று உண்டு. நேர்த்திக்கடனுக்காகச் சுற்றுவட்டார ஊர்களின் ஆண்களும், மீசையும் வேட்டியுமாக, அதே பூசாரியிடம் தாலி கட்டிக்கொள்கிறார்கள். ராஜாவுக்கும் அந்தப்புரத்துக்கும் இதில் வேலையே இல்லை.

வடக்கிலும் தக்காணத்திலும் ஹிஜ்ராக்கள் (அங்கே திருநங்கைகளுக்கு வழங்கும் பெயர்) பிள்ளை பிறந்த வீட்டிலும் கல்யாண வீட்டிலும் ஆடிப் பாடி ஆசி சொல்லி ‘பதாய்’ என்ற வாழ்த்துக் காசு வாங்கினார்கள். குஜராத்தின் பெச்சராஜியில் இருக்கும் பஹுசரா மாதா அவர்களின் தெய்வம். மராத்தியர் ஆண்ட பகுதிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டுக்கு வீடு தானம் கேட்கும் உரிமையையும் சில இடங்களில் வரியில்லா நிலத்தையும் அரசே சாசனமாகக் கொடுத்திருந்தது. பரம்பரை உரிமை, குருவிடமிருந்து சீடருக்குப் போகும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய் அரசு இந்த உரிமைகளை ஏற்க மறுத்துக் கைகழுவியது. உங்கள் கேள்வியின் பின்பாதிக்கு இதுதான் முதல் பதில். காசு கேட்பது அவர்கள் விழுந்த பள்ளம் இல்லை. அது ஊரும் அரசும் ஒப்புக்கொண்ட தொழிலாக இருந்தது. ஒப்புதலை எடுத்துவிட்டார்கள். அதே செயலுக்குப் பிச்சை என்றும் தொல்லை என்றும் பெயர் வந்தது.

அடுத்த அடி இன்னும் பலமானது. 1852-ல் ஆக்ரா பக்கம் மைன்புரி மாவட்டத்தில் பூரா என்ற ஹிஜ்ரா கொலை செய்யப்பட்டார். முன்னாள் காதலன் கோபத்தில் செய்த கொலை என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். கொல்லப்பட்டவர் ஹிஜ்ரா. ஆனால் அந்த வழக்கை ஒட்டி அதிகாரிகள் எழுதியதெல்லாம் ஹிஜ்ராக்கள் எவ்வளவு ஆபத்தானவர்கள் என்பதைப் பற்றித்தான். ஆண் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள், அறுத்துவிடுகிறார்கள், ஒழுக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்று சுமார் இருபது ஆண்டுகள் கோப்புகள் நகர்ந்தன. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. கள்ளர் நாட்டிலும் பெருங்காமநல்லூரிலும் அந்தச் சட்டம் செய்த அட்டூழியம் நமக்குத் தெரியும். அந்த 1871 சட்டத்துக்கு இரண்டாம் பாகம் ஒன்று இருந்தது, அது முழுக்க முழுக்க இவர்களைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது.

அதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். யாரெல்லாம் ‘அண்ணகர்’? ஆண்மையில்லை என்று தானே ஒப்புக்கொள்கிறவர், அல்லது மருத்துவப் பரிசோதனையில் அப்படித் தெரிகிறவர். பிள்ளை கடத்தல், காயடிப்பு, 377-ஆம் பிரிவுக் குற்றம் (‘இயற்கைக்கு மாறான’ உடலுறவு) ஆகியவற்றில் சந்தேகப்படும்படி இருக்கிறவர்களின் பெயர், இருப்பிடம், சொத்து எல்லாவற்றையும் அரசு ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். சந்தேகம் போதும், நிரூபிக்க வேண்டாம். பதிவேட்டில் பெயர் ஏறியவர் பெண்ணுடையோ நகையோ அணிந்து தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். தெரு வேண்டாம், தெருவிலிருந்து பார்க்கத் தெரிய வேண்டும் என்ற நோக்கத்தோடு தன் வீட்டில் நின்றாலும் போதும். பொது இடத்தில் ஆடினாலும், வாத்தியம் வாசித்தாலும், கூலிக்குத் தனியார் வீட்டில் ஆடினாலும் அதே குற்றம். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 16 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளை வீட்டில் இருந்தால் அதற்கும் இரண்டு ஆண்டு. கடைசியாக, பதிவானவர் யாருக்கும் காப்பாளராக இருக்க முடியாது, தானம் கொடுக்க முடியாது, உயில் எழுத முடியாது, மகனைத் தத்தெடுக்க முடியாது.

ஒவ்வொரு வரியையும் அந்தச் சமூகத்தின் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். உடை குற்றம். தொழில் குற்றம். சீடப் பிள்ளைகளைச் சேர்ப்பது குற்றம். குரு சேர்த்த சொத்து சீடருக்குப் போகும் வழி அடைப்பு. இந்தத் தலைமுறையோடு இவர்கள் தீர்ந்துபோக வேண்டும் என்று நினைத்து எழுதிய சட்டம் என்பது என் கருத்து. அன்றைய அதிகாரிகள் சிலர் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதே சமயம், பெரிய வீடுகளில் மிச்சமிருந்த அண்ணகர்களை ‘கௌரவமானவர்கள்’ என்று பதிவேட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும் என்பதிலும் அதிகாரிகள் கவனமாக இருந்தார்கள். ஆக, வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. சட்டத்தில் மட்டும் ஒரே பெயர்.

இங்கே வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் சரியில்லை. பாகப்பிரிவினையில் பங்கு கிடையாது என்று மனுஸ்மிருதி சொல்லும் பட்டியலில், சாதி நீக்கப்பட்டவர், பிறவிக் குருடர், செவிடர் ஆகியோரோடு ஆண்மையற்றவரும் இருக்கிறார். பழைய விலக்கலுக்குப் புதிய போலீஸ் ஸ்டேஷன் கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தப் பாகம் நடைமுறைக்கு வந்தது அன்றைய வடமேற்கு மாகாணத்திலும் (இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதி) அதை ஒட்டிய வட இந்தியப் பகுதிகளிலும்தான். சென்னை மாகாணத்துக்குக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல்தான் வந்தது. அதற்குள் அண்ணகர் பாகத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே தமிழ்நாட்டுத் திருநங்கைகள் அந்தப் பதிவேட்டில் ஏறியதில்லை. ஆனால் அந்த எண்ணம் எல்லை தாண்டிப் பரவியது. ஹைதராபாத் நிஜாம் அரசு 1919-ல் இதே சாயலில் ஒரு சட்டம் போட்டது. நிஜாம் போனார், ஆந்திரா வந்தது, தெலங்கானா பிரிந்தது, சட்டம் மட்டும் புத்தகத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. தெலங்கானா உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அடித்துத் தள்ளியது 2023 ஜூலையில்! கர்நாடகம் இன்னும் ஒரு படி மேல். 2011-ல் தன் போலீஸ் சட்டத்தில் புதிதாகவே ஒரு பிரிவைச் சேர்த்து, பிள்ளை கடத்தல் சந்தேகத்துக்குரிய ‘அண்ணகர்’களின் பெயர், முகவரி அடங்கிய பதிவேட்டைப் போலீஸ் வைத்திருக்கலாம் என்றது. 1871-ன் வாசகம் ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை. வழக்குப் போட்ட பிறகே திருத்தினார்கள்.

சென்னையில் பதிவேடு இல்லாததால் போலீஸ் மென்மையாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 2006-ல் திருட்டுச் சந்தேகத்தில் விசாரிக்கப்பட்ட ஒருவர், காவல் நிலையத்தில் நடந்த பாலியல் கொடுமை தாங்காமல் தீக்குளித்து இறந்தார். மறு ஆண்டு உயர்நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்றால், ஜமாத் என்ற தங்கள் குரு-சீடர் அமைப்பால்தான். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு வருகிறவரை ஒரு குரு ‘ரீத்’ என்ற சடங்கு போட்டு சேலாவாக, அதாவது சீடராக, ஏற்றுக்கொள்வார். குருவின் குரு நானி. தமிழ்நாட்டு ஜமாத்துகளில் பெரியவர்களைப் பார்த்ததும் ‘பாம்படுத்தி’ சொல்லிக் காலைத் தொட வேண்டும். குருவுக்குப் பணிவிடை, சம்பாத்தியத்தில் பங்கு, மீறினால் அபராதம் என்று கண்டிப்பான உலகம் அது. சுரண்டலும் உண்டு. திருநங்கைகளே அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் பதினாறு வயதில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பிள்ளைக்கு அதைவிட்டால் வேறு கதவு இருந்ததில்லை. ஒரு காலத்தில் இங்கிருந்து மும்பைக்கும் புனேக்கும் ரயிலேறிப் போய் அங்கே ஜமாத்தில் சேர்ந்து திரும்பியவர்கள் ஏராளம். ஜமாத்துப் பேச்சில் இவ்வளவு இந்தி, உருதுச் சொல் கலந்திருப்பது அதனால்தான். வடக்கில் உள்ள பதாய்த் தொழில் தமிழ்நாட்டில் பெரிதாக வேர் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் வாங்க வழியில்லாதபோது மிஞ்சியது கடை கேட்பதும் பாலியல் தொழிலும். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு, படித்திருந்தாலும் நேர்காணல் அறையில் முகத்தைப் பார்த்ததும் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு, அதுவே சம்பாத்தியம்.

நிர்வாணம் என்று அவர்கள் சொல்லும், ஆணுறுப்பை நீக்கும் அறுவையைக் காட்டி, ‘இதுவும் அதுவும் ஒன்றுதானே’ என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அறுவை செய்யாமலே ஜமாத்தில் வாழ்நாள் முழுக்க இருப்பவர்கள் உண்டு. செய்துகொள்கிறவர், தன் உடல் தன் மனதோடு ஒட்ட வேண்டும் என்று தானே கேட்டுச் செய்துகொள்கிறார். முன்பு இந்த அறுவையைச் செய்துவைக்கும் ‘தாயம்மா’ கையால், கத்தியும் கொதிக்கும் எண்ணெயுமாக, உயிரைப் பணயம் வைத்துச் செய்தார்கள். 40-ஆம் நாள் மஞ்சள் பூசி, பால் ஊற்றி, புதுச் சேலை கட்டிப் பெண்ணாகக் கொண்டாடுவார்கள். சில்ஹெட் பையனை யாரும் கேட்கவில்லை, அவனுக்கு யாரும் மஞ்சள் பூசவும் இல்லை. அவன் முடிவில் ஆண் பெயரோடும் ஆண் உடையோடும் வேலைக்குப் போனான். ஆசிரியரோ அதிகாரியோ இந்த இரண்டையும் குழப்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். ‘பிள்ளை பிடிக்கிற கூட்டம்’ என்று ஊர் குழப்பும்போது அடி விழுகிறது. வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் திருநங்கைகளை அடித்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அது 1852-ன் அதே பயம்தான்.

பிறகு ஏன் அந்தச் சமூகத்தாரே சில சமயம் அரண்மனைக் கதையைச் சொல்கிறார்கள்? பாகிஸ்தானில் அவர்கள் தங்களைக் குறிக்க ‘க்வாஜாசரா’ என்ற முகலாய அரண்மனைப் பட்டத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். புரிந்துகொள்ளக்கூடியதுதான். கேவலமாகப் பார்க்கும் ஊரின் முன்னால் ‘நாங்கள் ராஜ சபையில் இருந்தவர்கள்’ என்பது நல்ல கேடயம். கேடயமாக அவர்கள் பிடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. வரலாறாக நாம் எழுதும்போதுதான் மறுப்பு. அது சில்ஹெட் பிள்ளைகளின் கதையை அழித்துவிடுகிறது.

குரு-சேலா உறவுக்குத் திரும்புகிறேன், அதில் சட்ட சுவாரசியம் ஒன்று இருக்கிறது. 1871 சட்டம் உயிலைத் தடுத்தது என்றேன் அல்லவா? 1990-ல் மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஹிஜ்ரா ஒருவர் தன் சொத்தை சமூகத்துக்கு வெளியே உள்ளவருக்கு உயில் எழுதி வைத்தார். குரு வழி வந்தவர்கள், எங்கள் வழக்கப்படி சொத்து சமூகத்துக்குள்ளேதான் போக வேண்டும் என்றார்கள். நீதிமன்றம் அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டு உயில் செல்லாது என்றது. அழிக்கப் பார்த்த குடும்ப முறைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று மகிழலாம். தன் சம்பாத்தியத்தைத் தன் விருப்பப்படி கொடுக்க ஒரு தனி மனுஷிக்கு இன்னமும் முடியவில்லையே என்றும் வருந்தலாம். எனக்கு இரண்டும் தோன்றுகிறது.

இன்றைய நிலைக்கு வருவோம். தமிழ்நாடு 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கைகள் நல வாரியம் அமைத்தது. ஆறு ஆண்டு கழித்து அதே ஏப்ரல் 15-ல், 2014-ல், உச்சநீதிமன்றம் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்றது. கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு கொடுக்கச் சொன்னது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ‘பிறர்’ என்று பதிவானவர்கள் நாடு முழுக்க 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். வெளியே சொல்லத் தயங்கியவர்களைச் சேர்த்தால் கூடும். 2019-ல் வந்த மத்தியச் சட்டமோ, மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றது. திருநங்கையைப் பாலியல் வன்கொடுமை செய்தால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை தண்டனை என்றது. பெண்ணுக்கு அதே கொடுமை நடந்தால் குறைந்தபட்சம் 10 ஆண்டு. இந்த வித்தியாசத்தை யார் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

சாதனைகளும் இருக்கின்றன. நர்த்தகி நடராஜ் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். பிரித்திகா யாஷினி உயர்நீதிமன்றப் படியேறி வாதாடி காவல் உதவி ஆய்வாளர் ஆனார். அதே 2019-ல் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று தூத்துக்குடிக்காரர்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆனால் காசு கேட்பது நிற்க வேண்டும் என்றால் வேலை வேண்டும், வேலைக்கு இடஒதுக்கீடு வேண்டும். அங்கே ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2015-ல் திருநங்கைகளை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலினத்தை ஒரு சாதியாக எண்ணிச் செய்த ஏற்பாடு. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கைக்கு அதனால் லாபம் என்ன? தன் சாதி ஒதுக்கீட்டில் நின்றால் திருநங்கை என்பதற்கு எதுவும் கிடைக்காது. மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறினால் லட்சக்கணக்கானவர்களோடு போட்டி. அதனால்தான் அவர்கள் கேட்பது உள் ஒதுக்கீடு மாதிரி, ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்களுக்கு என்று ஒரு விழுக்காடு. கர்நாடகம் 2021-ல் அரசு வேலைகளில் அப்படி 1 விழுக்காடு கொடுத்துவிட்டது. சென்னை உயர்நீதிமன்றமும் 2024 ஜூனில், பாலினத்தைச் சாதியாக நடத்தக் கூடாது என்று சொல்லி அந்த 2015 அரசாணையை ரத்து செய்து, இந்த வகை ஒதுக்கீட்டையே கொடுக்கச் சொன்னது. உங்களுக்குத் தெரிந்த திருநங்கை யாராவது தேர்வாணையத் தேர்வுக்குத் தயாராகிறார் என்றால், விண்ணப்பம் போடும் முன் அந்தத் தீர்ப்பை ஒரு முறை வாசித்துவிடச் சொல்லுங்கள்.